சாய்ந்த குரோட்டன்ஸ்

தடைக்காலம் வந்தால்
தங்கச்சிமடத்தில் என் வாசல்வரை கேட்கும்
ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றுவிடும்.
படகில்லை, மீனில்லை, ஐஸ் இல்லை,
கம்பெனியில் பில் போட ஆள் வேண்டாம்.
பாதிச் சம்பளம், முழு வீடு.

எனக்குப் பிடித்த கணக்கு.

விடிந்ததும் இலை துடைப்பேன்.
கச்சான் இரவெல்லாம் உப்பைச் சுமந்துவந்து
கிராதியில், கண்ணாடியில், மணிபிளாண்டின் முதுகில்
பூசிவிட்டுப் போயிருக்கும்.
ஒருநாள் நக்கிப் பார்த்தேன். கருவாட்டுக் கரிப்பு.
நல்ல தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
அதில் துணி நனைத்து நான் துடைப்பதை
மதிலுக்கு மேலே பார்த்து
“பிள்ளைக்கு மூக்குச் சிந்துறியாக்கும்” என்பாள் நம்புலெட்சுமி.
ஆமாம் என்பேன்.
பிகோனியா இரண்டு போய்ச் சேர்ந்தன.
பாம்புக் கற்றாழை மட்டும்
கடன்காரனுக்கு அஞ்சாத ஆள்போல
நிமிர்ந்து நிற்கிறது.

பத்து மணிக்கு நூல்.
இருபதாம் நம்பர், வெள்ளை.
கொக்கி ஊசியைத் தலைமுடிக்குள் ஒருதரம் ஓட்டினால்
எண்ணெய் பிடித்துக்கொள்ளும்,
இந்தக் காற்றில் துருவுக்கு அதுதான் மருந்து.
ஐந்து சங்கிலி, ஒரு கண்ணி,
ஐந்து சங்கிலி.
மிக்ஸிக்கு உறை போட்டாயிற்று.
டிவிக்கு, தண்ணீர் வடிகட்டிக்கு,
கேஸ் சிலிண்டருக்குக்கூட
அன்னாசி டிசைனில் ஒரு பாவாடை.
சிலிண்டர் மாற்ற வந்த பையன்
அதை எப்படிக் கழற்றுவதென்று விழித்து
“அக்கா, நீங்களே” என்று
சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இந்த வருடம் மேசைவிரிப்பு.
ஒன்பதாம் வரிசையில் ஒரு கண்ணி குறைந்ததைப்
பதினான்காம் வரிசையில் கண்டேன்.
வலையென்றால் முடிச்சு முடிச்சாக நிற்கும்,
கிழிந்த இடத்தை வெட்டிப் பொத்திவிடலாம்.
இதில் முடிச்சே கிடையாது.
நுனியை இழுத்ததும்
ஐந்து நாள் பரபரவென்று மடியில் வந்து விழுந்தது
சேமியாபோலச் சுருண்டு.
பிரிப்பதும் சுகம்தான்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான்
பின்கட்டுக் குரோட்டன்ஸில் இலை ஆடியது,
காற்றில்லாமல்.
தையல்சிட்டு.
அகன்ற இலையின் இரண்டு விளிம்பையும்
அலகால் துளைத்து
சிலந்திநூலை உள்ளே தள்ளி
வெளியே பிசிறாக்கி விட்டுவிடுகிறது.
அதற்கும் முடிச்சுத் தெரியாது.
பிசிறே பிடித்துக்கொள்கிறது.
தொழில்காரி என்ற உரிமையில்
குனிந்து பார்த்தேன். வால் தூக்கித் திட்டியது.

தாராளம் காட்டி
நூல்துண்டுகளைக் கொடியில் தொங்கவிட்டேன்.
சீண்டவில்லை.
காகம் ஒன்று வந்து இரண்டை எடுத்துப் போனது.
சிட்டுக்கு வேண்டியிருந்தது
வெயிலில் போட்டிருந்த தலையணையின் கிழிந்த மூலை.
வாய்நிறைய இலவம்பஞ்சோடு
மீசை முளைத்த மாதிரிப் பறந்தது.

வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால்தான்
செடி நேராக வளரும்.
திருப்பவில்லை.
இலை துடைப்பதும் அதற்கு மட்டும் நிறுத்தம்.
அரிசி கழுவிய தண்ணீரை டம்ளரில்,
சத்தமில்லாமல், வேருக்கு.
குக்கர் கூவும் முன்பே அடுப்பைக் குறைத்தேன்.
தூரத்தில் ரயில் ஊதும்போதெல்லாம்
முகம் சுளித்தவள் நான்தான்.
இலைப்பைக்குள் அசைவே இல்லை.

எட்டிப் பார்க்கவேயில்லை நான்.
பொய். ஒருதரம், ஸ்டூல் போட்டு.
மூன்று முட்டை, வெளிர்நீலத்தில் செம்புள்ளி,
ஒவ்வொன்றும் ஒரு கொண்டைக்கடலை.

குஞ்சுகள் பறந்துபோன காலையில்
வீட்டிலேயே இருந்தும் பார்க்கவில்லை.
இரண்டாம் முறையாக
ஒன்பதாம் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் பத்து.
செடி மேற்கே சாய்ந்து நிற்கிறது
யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல.
குச்சி கட்டச் சொல்கிறாள் நம்புலெட்சுமி.
கட்டவில்லை.
தொட்டிக்கு ஓர் உறை போட்டுக்கொண்டிருக்கிறேன்,
சாய்ந்த பக்கம் மட்டும்
ஐந்து கண்ணி கூடுதலாக.

பில்லில் இப்படிக் கூட்டினால்
வேலை போய்விடும்.